எப்போது தீவுக்குத் திரும்பலாம்?

எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் விடிந்ததும் தாய்மார்கள் கேட்பது, "கவுண்ட் ஏறிடுச்சா?" என்றுதான். கவுண்ட் ஏறிய மறுநாளே அடுத்த கேள்வி வந்துவிடும்: "எப்போ ஊருக்குப் போலாம்?" முதல் கேள்விக்கு விடை லேப் தாளில் இருக்கிறது. இரண்டாவதற்கு, "நூறு நாள் கழியட்டும், பார்க்கலாம்" என்பதே பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை. திருவண்ணாமலைக்காரருக்கு அது போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு மணி நேரத்தில் வேலூரில் வந்து நின்றுவிடுவார். அந்தமானின் மாயாபந்தர்காரருக்கு அது போதாது. நடுவில் வங்கக் கடல் கிடக்கிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மஜ்ஜை மாற்று செய்யும் மையம் கிடையாது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் 2015இல் வந்துவிட்டது. அதற்கு மேல் வேண்டியதற்கெல்லாம், தீவுக்காரர்கள் வாயில் வருகிற சொல்லிலேயே சொன்னால், "மெயின்லேண்ட்" போக வேண்டும். சென்னை, வேலூர், கொல்கத்தா மூன்றும்தான் வழக்கமான திசைகள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் மூன்று நாள் ஓடிவிடும்.

போகவேண்டிய பிள்ளைகள் யார்? ரத்தப் புற்றுநோய் மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள், மஜ்ஜை வற்றிப்போன ஏப்ளாஸ்டிக் அனீமியாக்காரர்கள், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், எல்லோரையும்விட முக்கியமாக தலசீமியா குழந்தைகள். இந்தியாவில் ஆண்டுக்கு 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கடும் தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பீடு. தலசீமியாவும் அதோடு சேர்ந்து கெடுதல் செய்யும் ஹீமோகுளோபின் ஈ என்ற மரபுக் கோளாறும் வங்கத்தில் பரவலானவை. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மிகப் பெரிய மொழிக் குழு வங்காளிகள், 28 சதவீதம். அடுத்தபடி தமிழர், ஏறக்குறைய 15 சதவீதம். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த இலங்கைத் தாயகம் திரும்பியோர் முதல் போர்ட் பிளேர் கடைத்தெருக்காரர் வரை அதில் அடக்கம். ஆக, எண்ணிக்கையில் சிறியதானாலும் இது தீவுகளுக்கு வெளியே உள்ள பிரச்சினை இல்லை.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா மெமோரியலில், ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுமிக்கு நடந்தது. 1986இல் வேலூர் சி.எம்.சி. தொடங்கியது. உலக அளவில் குழந்தைகளுக்கான வெற்றிக் கதை 1968இல் மினசோட்டாவில் ஆரம்பிக்கிறது: ராபர்ட் குட் என்பவரின் குழு, பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடு கொண்ட ஒரு குழந்தைக்கு அதன் உடன்பிறப்பின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றியது. மஜ்ஜை மாற்று ஆய்வுக்காக டோனல் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு கால அனுபவத்தில் மாற்று சிகிச்சை பெருமளவு பாதுகாப்பாகிவிட்டது. இன்றைக்கும் பிள்ளைகளைப் பறிப்பவை பெரும்பாலும் மாற்று முடிந்த பிறகு வருகிறவை. எதிர்ப்பாற்றல் திரும்புவதற்குள் நுழைந்துவிடும் தொற்றுகள் அவற்றில் முதல் வரிசை.

மாற்று என்றவுடன் பலர் அறுவை சிகிச்சையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: ரத்தம் ஏற்றுவது மாதிரியே ஒரு பை தொங்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நாள்தான் வார்டுக் கணக்கில் "டே சீரோ". உண்மையான வேலை அதற்கு முந்தைய வாரத்தில் நடந்து முடிந்திருக்கும். புசல்ஃபான், ட்ரியோசல்ஃபான், ஃப்ளூடராபின் போன்ற மருந்துகள் குழந்தையின் பழைய மஜ்ஜையைத் துடைத்து எடுத்துவிடும். ஏ.டி.ஜி. என்ற எதிர்ப்பொருள் மருந்து, எதிர்ப்பாற்றலின் முக்கிய அணுக்களான டி செல்களை ஒழிக்கும். மஜ்ஜையோடு போவது ரத்த உற்பத்தி மட்டுமா? பிறந்த நாள் முதல் போட்ட தடுப்பூசிகளின் நினைவு, வந்து போன சளிக்காய்ச்சல்களின் நினைவு எல்லாமே மங்கிப்போகும். ஒன்பது வயதுப் பிள்ளை, எதிர்ப்பாற்றலைப் பொறுத்தவரை, தாய்வழி எதிர்ப்பொருள்கூட இல்லாத பச்சைக் குழந்தையாகிவிடுகிறது.

திரும்பி வருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 என்ற எண்ணைத் தொடர்ந்து மூன்று நாள் தாண்டினால் மஜ்ஜை "பிடித்துவிட்டது" என்பார்கள். மஜ்ஜையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்கள் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம். தொப்புள்கொடி ரத்தம் என்றால் இன்னும் தாமதம். வார்டில் இனிப்பு கொடுக்கிற நாள் இது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் முதல் கட்டத்தில் தடுத்து நிறுத்துவது இந்த அணுக்கள்தாம் என்பதால் கொண்டாட்டத்தில் தப்பில்லை. ஆனால் நட்ட நாற்று பச்சை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அறுவடைக்கு வெகு நாள் இருக்கிறது. நியூட்ரோஃபிலுக்கு நினைவு கிடையாது, வைரஸை அடையாளம் காணவும் தெரியாது.

அடுத்து, ஏறத்தாழ முதல் மாதத்திலேயே, என்.கே. செல்கள் வந்துவிடும். வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் முரட்டுக் காவல் இவை. மூன்றாவதாக டி செல்கள். இங்கேதான் சங்கதி சிக்கலாகிறது.

டி செல்கள் இரண்டு வழியில் திரும்புகின்றன. கொடையாளரின் மஜ்ஜையோடு வந்த முதிர்ந்த டி செல்கள் குழந்தையின் உடலில் வேகமாகப் பெருகும். இது முதல் வழி. எண்ணிக்கை சட்டென்று ஏறும், முக்கியமாக சி.டி.8 வகையில். தாளில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் கொடையாளர் சந்தித்த கிருமிகள் மட்டுமே. புதிதாக ஒரு வைரஸ் வந்தால் பயிற்சி பெறாத, புத்தம்புது டி செல்கள் வேண்டும். அவை இரண்டாவது வழியில்தான் வரும்: மஜ்ஜையில் பிறந்து, தைமஸ் சுரப்பியில் தேறி வர வேண்டும்.

தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிறது. நம் உடலில் சிறு வயதிலேயே பெரிதாக இருந்து, வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிப்போகும் விநோதமான உறுப்பு. இங்கே வரும் இளம் டி செல்களில் பெரும்பாலானவை தேர்வில் தோற்று மடிகின்றன. சொந்த உடலைத் தாக்காமல், அந்நியக் கிருமியை இனம் காணத் தெரிந்த சிறுபான்மையே வெளியே போகும். 1995இல் கிரிஸ்டல் மெக்கால் குழுவினர் கடும் கீமோதெரபி பெற்றவர்களில் சி.டி.4 என்ற உதவி டி செல்கள் திரும்பும் வேகத்தைப் பார்த்தார்கள். வயது குறைய குறைய மீட்சி கூடியது. தைமஸின் பருமனோடு அது ஒத்துப்போனது. மாற்று சிகிச்சையில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் தேறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பெரியவருக்கு அந்தத் தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைக்கு இன்னும் ஓடுகிறது.

ஓடுகிற தொழிற்சாலையையும் நிறுத்த வழிகள் உண்டு. கதிர்வீச்சு ஒன்று. ஜி.வி.எச்.டி. இன்னொன்று: கொடையாளரின் டி செல்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியம் என்று கருதித் தாக்குவது. தைமஸும் அந்தத் தாக்குதலுக்குத் தப்புவதில்லை. அதைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் தைமஸைச் சுருக்குகிறது. நோயும் மருந்தும் ஒரே இடத்தில் அடிக்கின்றன. இதனால்தான் ஜி.வி.எச்.டி. வந்த பிள்ளையின் எதிர்ப்பாற்றல் கணக்கை வராத பிள்ளையின் கணக்கோடு ஒப்பிடவே கூடாது.

ஏ.டி.ஜி. பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதிய மஜ்ஜை நிராகரிக்கப்படாமல் இருக்கவும் ஜி.வி.எச்.டி. குறையவும் அது தேவை. தலசீமியா குழந்தைக்கு இன்னும் தேவை. வருடக்கணக்கில் பிறர் ரத்தம் ஏறியதால் அதன் எதிர்ப்பாற்றல் உஷாராக இருக்கும், புதியவரை ஏற்க மறுக்கும். ஆனால் இந்த மருந்து உடலில் பல நாள் தங்குகிறது. மாற்றுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் புதிதாக வந்த டி செல்களையும் சேர்த்து அழித்துவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் குழந்தை மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மாற்றுக்குப் பிந்தைய ஏ.டி.ஜி. மிச்சம் கூடக்கூட சி.டி.4 மீட்சி பின்தங்கியது. 100 நாளுக்குள், அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் சி.டி.4 எண்ணிக்கை 50ஐத் தாண்டிய குழந்தைகள் அதிகம் பிழைத்தார்கள். 50 என்பது மிகச் சிறிய எண். ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சிறிய எண்ணே ஒரு பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காட்டிவிடுகிறது. எடைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கில் மருந்தை அளக்காமல், ரத்தத்தில் உள்ள லிம்போசைட் எண்ணிக்கையையும் பார்த்து அளவும் நாளும் குறிக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. புது மருந்து எதுவும் வேண்டாம். இருப்பதைச் சரியாக அளந்தாலே போதும் என்பதால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது மிகவும் பொருத்தமான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

கொடையாளர் யார் என்பதும் வேகத்தை மாற்றும். முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு கிடைத்தால் நல்லது, ஆனால் ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் அந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான். இப்போது தாயோ தந்தையோ அரைப் பொருத்தத்தில் கொடுக்கிறார்கள். அதற்காக டி செல்களை வடிகட்டிக் கொடுக்கும்போது எதிர்ப்பாற்றல் திரும்புவது தாமதமாகும்.

கடைசியில் வருவது பி செல்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் எண்ணிக்கை தெரியத் தொடங்கும். ஆனால் அவை தரமான எதிர்ப்பொருளைச் சுரக்க சி.டி.4 செல்களின் உதவி வேண்டும். நினைவுள்ள பி செல்கள் தேறி வர ஓராண்டு, இரண்டாண்டு, ஜி.வி.எச்.டி. இருந்தால் அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவு சரிந்து கிடந்தால் பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை மாதாமாதம் ஏற்றுவார்கள். ஒரு கிலோ எடைக்கு 400 முதல் 500 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 8 முதல் 10 கிராம். விலை அதிகம், குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.

எதிர்ப்பாற்றல் திரும்புவதே சில நேரம் நோய் மாதிரி தெரியும். பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, அது தெரிவதற்கு முன்பே, நம் நாட்டில் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டிருப்பார்கள். அந்த உயிருள்ள கிருமி எதிர்ப்பார் இல்லாமல் உடம்பில் குடியிருக்கும். மாற்று முடிந்து, டி செல்கள் தலைகாட்டும் வாரத்தில், இடது தோளில் பழைய தழும்பு சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும். அக்குளில் நெறி கட்டும். பெற்றோர் பதறிப்போவார்கள். மருத்துவரோ ஒரு பக்கம் மருந்தை எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் நிம்மதியாக மூச்சு விடுவார்: படை வந்து சேர்ந்துவிட்டது.

படை வராத இடைவெளியில் என்ன நுழையும்? முதல் மாதம் பாக்டீரியாவும் கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளும். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் வைரஸ்கள். சைட்டோமெகாலோ வைரஸ் இந்தியாவில் பெரும்பாலும் எல்லோர் உடம்பிலும் தூங்கிக் கிடப்பது. டி செல் காவல் இல்லாதபோது எழுந்து நுரையீரலையும் குடலையும் பிடிக்கும். ஆகவே அது வெளிப்படும் முன்னரே வாராவாரம் பி.சி.ஆர். பார்த்துப் பிடிக்கிறார்கள். அடினோவைரஸும் இப்படித்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸின் பாடம் விலை கொடுத்துக் கற்றது. எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூண்டுக்குள் 12 ஆண்டுகள் வளர்ந்த டேவிட் வெட்டருக்கு 1983இல் அக்காவின் மஜ்ஜை கொடுக்கப்பட்டது. அதில் ஒளிந்திருந்த இந்த வைரஸ், தடுக்க டி செல் இல்லாத உடலில் பி செல்களைப் புற்றாகப் பெருக்கியது. 1984 பிப்ரவரியில் சிறுவன் இறந்தான். நான்காவது மாதத்திலிருந்து அக்கியும், நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸும் முன்னுக்கு வரும். மண்ணீரல் வேலை செய்யாத பிள்ளைக்கு நியூமோகாக்கஸ் ஒரே இரவில் ஆபத்தாகும். இவற்றுக்கெல்லாம் தடுப்பாகத்தான் கோ-டிரைமாக்சசோல், அசைக்ளோவிர், பூஞ்சைத் தடுப்பு மருந்து, பென்சிலின் என்று மாத்திரை டப்பா நிரம்புகிறது.

இந்தக் கால அட்டவணையில் 100ஆம் நாளுக்கு என்ன தனி மகிமை? ஒருகாலத்தில் ஜி.வி.எச்.டி.யை "100 நாளுக்குள் வந்தால் கடுமையானது, பிறகு வந்தால் நாள்பட்டது" என்று பிரித்தார்கள். 2005இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அறிகுறிகளைப் பார்த்தே பிரிக்க வேண்டும் என்றது. நாளைக் கணக்கிட்டு நோயை வகைப்படுத்துவது அப்போதே போய்விட்டது. ஊருக்கு அனுப்புவதில் மட்டும் அந்த எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 100ஆம் நாளில் ஒரு பிள்ளைக்கு சி.டி.4 300 இருக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு 30 இருக்கும். இரண்டு பேரையும் ஒரே நாளில் கப்பலேற்றுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

தீவுக்குப் போகும் பிள்ளைக்கு என்ன காத்திருக்கிறது என்று பார்த்தால் இது சும்மா வாதம் இல்லை என்பது புரியும். அங்கே இரண்டு பருவமழையும் உண்டு; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். சுவர் காய்வதற்குள் அடுத்த மழை. அலமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், தகரக் கூரை ஒழுகும் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படியும். ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மூலை ஆபத்து. 1980களின் பிற்பகுதியில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர்ப் பக்கம் இனம் தெரியாத ரத்தக்கசிவுக் காய்ச்சல் ஒன்று வந்து மக்களை மிரட்டியது. "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். மண்டல ஆய்வு மையம் அது லெப்டோஸ்பைரா, அதாவது எலிக்காய்ச்சல் என்று 1990களில் கண்டுபிடித்தது. வயலில், ஓடையில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பதே போதும். நிக்கோபாரியரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஹெபடைட்டிஸ் பி இருந்ததையும் அதே மையம் காட்டியிருக்கிறது. கோடையில் போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. டிரம்களிலும் வாளிகளிலும் பிடித்து வைப்பார்கள். அதில் கொசுவும் வளரும், பாக்டீரியாவும் வளரும். கொதிக்கவைத்த தண்ணீர், நன்றாக வெந்த மீன் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுவது எளிது. தண்ணீரே அளவாக வருகிற வீட்டில் கடைப்பிடிப்பவர் அம்மா.

தட்டம்மைக்கு இந்தத் தீவுகளில் தனிக் கதை இருக்கிறது. 1877இல் தண்டனைக் குடியிருப்பிலிருந்து பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. 1999இலும் 2006இலும் ஜாரவாப் பழங்குடியினரிடம் அந்த நோய் பரவியது. அவர்கள் அந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. மாற்று முடிந்த பிள்ளையோ பார்த்ததை மறந்துவிட்டது. இரண்டு நிலைகளும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. வைரஸுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது. இன்னொரு செய்தியும் உண்டு: 2019இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்தபோது, தட்டம்மை வந்து போன பிறகு பிற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. புதிதாகச் சேர்த்த கொஞ்ச நினைவையும் துடைத்துவிடக்கூடிய வைரஸ் அது. சுற்றியிருக்கும் பிள்ளைகளெல்லாம் தடுப்பூசி போட்டிருப்பதுதான் அந்த ஒரு பிள்ளைக்கு வேலி.

சின்னம்மை விஷயத்தில் நம் பழக்கம் ஒன்று கைகொடுக்கிறது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வெளியாள் உள்ளே போகமாட்டார், வீட்டாரும் அடுத்த வீட்டுப் படி ஏறமாட்டார்கள். நோய் பற்றிய விளக்கம் என்னவாகவும் இருக்கட்டும், தனிமைப்படுத்தும் முறை கச்சிதம். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது தொற்றத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளில் வேப்பிலை இருக்காது. போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிப்போக ஆசைப்படும் தாத்தாவுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் தீவின் பெரிய ஆபத்து கிருமியில் இல்லை, தொலைவில் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்த, மார்பில் மருந்துக் குழாய் பொருத்தப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி இறங்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. திக்லிப்பூரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். ஜாரவா காப்பகத்துக்குள் வண்டிகள் குறித்த நேரங்களில் கான்வாயாகத்தான் போகும், மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள கேம்பல் பே 500 கிலோமீட்டருக்கு அப்பால். கப்பல் அல்லது ஹெலிகாப்டர், அதுவும் வானிலை விட்டால். இந்தக் குழந்தைகள் விஷயத்தில் நான் பெரிதாக நினைப்பது சி.டி.4 எண்ணைக்கூட இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் இருக்கும் செஃப்ட்ரையாக்சோன் குப்பியைத்தான். "இந்தப் பிள்ளைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் முதல் டோஸ் போட்டுவிட்டுப் பிறகு போன் செய்யவும்" என்று மாற்று மையத்தின் முத்திரையோடு ஒரு தாள் அம்மாவின் பையில் இருந்தால், இளம் டாக்டர் தயங்கமாட்டார்.

இந்தப் பின்னணியில் "எப்போ ஊருக்குப் போலாம்?" என்பதற்கு என் விடை, நாளைக் கேட்காமல் எண்களைக் கேட்க வேண்டும் என்பதே. சி.டி.4 எங்கே நிற்கிறது, ஏறுமுகமா? சைட்டோமெகாலோ வைரஸ் அடங்கி எத்தனை வாரம்? ஸ்டீராய்டு நின்றுவிட்டதா? இம்யூனோகுளோபுலின் இல்லாமல் ஐ.ஜி.ஜி. நிற்கிறதா? மார்புக் குழாய் எடுத்தாகிவிட்டதா? இவற்றோடு, வேறெந்த ஊருக்கும் கேட்கத் தேவையில்லாத ஒன்று: வீடு எந்தத் தீவில்? போர்ட் பிளேர் வீட்டுக்கு அனுப்பக்கூடிய பிள்ளையை கேம்பல் பேக்கு அனுப்ப இன்னும் சில மாதம் பொறுக்கலாம். அல்லது அந்தச் சில மாதத்தைப் போர்ட் பிளேரில் கழிக்கச் சொல்லலாம்.

பொறுப்பது என்றால் சும்மா இல்லை. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காளி எழுத்துப் பலகைகள் தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை குடும்பங்கள் குக்கரும் ஸ்டவ்வுமாக மாதக்கணக்கில் அங்கே குடித்தனம் நடத்துகின்றன என்பது. அப்பா வேலையைப் பார்க்கத் தீவுக்குத் திரும்பியிருப்பார். மஜ்ஜை கொடுத்த அண்ணனோ தங்கையோ பாட்டி வீட்டில். மாற்று சிகிச்சைக்கும் மருந்துக்கும் உதவும் திட்டங்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவுவது அபூர்வம். பணம் தீர்ந்துபோய், எண்கள் தேறும் முன்னரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சீக்கிரம் அனுப்ப வேண்டுமானால் தீவில் கவனிப்பு கூட வேண்டும், அதில் பாதி சாத்தியமே. எச்.ஐ.வி. திட்டத்துக்காக நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் வைத்த சி.டி.4 எண்ணும் கருவிக்கு, எண்ணுவது எந்த நோயாளியின் செல் என்று தெரியாது. மாற்று முடிந்த பிள்ளைக்கும் அதே எண்ணைத் தரும். பி.சி.ஆர். வசதி கோவிட் காலத்தில் எங்கும் பரவியது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் ஏழு தீவுகளுக்கும் கடலடிக் கேபிள் வந்த பிறகு, தோலில் வரும் தடிப்பை வேலூர் மருத்துவருக்கு வீடியோவில் காட்ட முடிகிறது. இது சாதாரண விஷயம் இல்லை: உள்ளங்கையில் வரும் ஜி.வி.எச்.டி. தடிப்பைப் பழக்கமில்லாதவர் அலர்ஜி என்று நினைத்துக் களிம்பு கொடுத்து அனுப்பக்கூடும்.

மீதி இருப்பது தடுப்பூசி. இங்கேதான் நம் ஏற்பாட்டில் பெரிய ஓட்டை தெரிகிறது. மாற்று முடிந்த பிள்ளைக்கு நினைவு துடைக்கப்பட்டுவிட்டதால் எல்லாத் தடுப்பூசியையும் முதலிலிருந்து போட வேண்டும். நியூமோகாக்கஸ் ஊசியை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம், முத்தடுப்பு, ஊசி வழிப் போலியோ, ஹிப், ஹெபடைட்டிஸ் பி ஆகியவை ஆறு மாதத்திலிருந்து, இன்ஃப்ளூயன்சா ஆண்டுதோறும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள ஊசிகளுக்கு 24 மாதம் ஆக வேண்டும், ஜி.வி.எச்.டி. இருக்கக் கூடாது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் நின்றிருக்க வேண்டும், கடைசியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றி எட்டு மாதமாவது கழிந்திருக்க வேண்டும். பி.சி.ஜி. மறுபடி போடுவதே இல்லை. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து இந்தப் பிள்ளைக்கும் கூடாது, வீட்டில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்கும் கூடாது. குடித்த குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் பல வாரம் வெளியேறும். அவர்களுக்கு ஊசிதான். போலியோ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அம்மா இதைச் சொன்னால், சொட்டு மருந்தை மறுக்கும் குடும்பம் என்று குறித்துக்கொண்டு போகிறார்கள்.

நாட்டின் இலவசத் திட்டமோ பிறந்த தேதியை வைத்து ஓடுகிறது. நியூமோகாக்கஸ் ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுக்க வந்தது, ஒரு வயதுக்குள் உள்ளவர்களுக்கு. சின்னம்மை ஊசி திட்டத்திலேயே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றரை மாதக் குழந்தையின் ஊசிக்கு வந்து நின்றால், ஏ.என்.எம். செவிலியர் கையிலுள்ள பதிவேட்டில் அதை எழுதக் கட்டமில்லை. குளிர்ப்பெட்டியில் மருந்து இருக்கும், போடத் தெரிந்தவரும் எதிரிலேயே இருப்பார், வயது மட்டும் தடுக்கும். குடும்பம் தனியார் கடையில் ஒவ்வொரு டோஸையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். தீவில் கிடைக்காவிட்டால் மெயின்லேண்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்க வேண்டும். மாற்று நடந்த தேதியைப் பிறந்த தேதியாகக் கொண்டு இந்தப் பிள்ளைகளுக்கு அரசு மருந்தைப் போடலாம் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் செலவு எவ்வளவு கூடும்? ஒரு தீவில் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பெட்டிக்குள் அடங்குகிற குப்பிகள்.